எம்.எஸ்சி. உளவியல் பயிற்சி: லாக் புத்தகத்தில் எதை எழுதுவது, எதை விடுவது?

பாலக்கோடு_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தருமபுரியில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்காகப் போய்வருகிறேன். காலையில் ஓ.பி.யில் மேற்பார்வையாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேஸ் ஹிஸ்டரி எடுப்பது, மதியத்துக்கு மேல் சோதனைகள், ஆற்றுப்படுத்துதல் என்று நாள் போகிறது.

கல்லூரியில் ஒரு லாக் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். தேதி, நோயாளியின் பெயர், வயது, ஊர், பிரச்சினை, செய்த வேலை, கையொப்பம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம். பிரச்சினை என்ற கட்டத்தில் இரண்டு சொல் எழுதத்தான் இடம். ஆனால் வாய்மொழித் தேர்வில் ஒவ்வொரு கேஸையும் விரிவாகக் கேட்பார்கள் என்று சீனியர்கள் பயமுறுத்துவதால், தனியாக ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். வீட்டுக்குப் போனால் நேரம் இருக்காது என்று பெரும்பாலும் பஸ்ஸில் எழுதுகிறேன்.

என் சந்தேகங்கள்: மேற்பார்வையாளர் நல்லவர், ஆனால் ஓ.பி. கூட்டத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. மாதக் கடைசியில் நின்றபடியே மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிறார். அது செல்லுமா? அண்மையில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம் ஒன்றில் நாள் முழுக்கக் குழந்தைகளுக்குச் சோதனை செய்தோம். உடன் படிப்பவர்கள் குழந்தைக்கு ஒரு மணி நேரம் என்று எழுதிக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் அன்று ஒரு நாளில் முப்பது மணி நேரம் வருகிறது! கடைசியாக, ஒரு முழு அமர்வை ஒலிப்பதிவு செய்து, அதை எழுத்தாக்கிச் சமர்ப்பிக்க வேண்டும் என்கிறது கல்லூரி. ஊர்க்காரர்களிடம் அதை எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தகடூர்க்காரி

பாலக்கோட்டுத் தங்கைக்கு,

முதலில் அந்த பஸ். உங்களுக்கு ஜன்னலோர சீட் கிடைத்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாரண்டஹள்ளிக்காரருக்கும் படிக்கத் தெரியும். நோட்டை அங்கே திறக்காதீர்கள். ஒவ்வொருவரும் எழுந்து போனதும், அடுத்தவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் அங்கேயே எழுதிவிடுங்கள். ஐந்து நிமிடம் தரமாட்டார்கள் என்றால் தேதி, நேரம், குறியீட்டு எண் மட்டுமாவது. மீதியைக் கிளம்பும் முன்பு அதே மேஜையில் முடியுங்கள். அந்த நோட்டு மருத்துவமனை வாசலைத் தாண்டவே வேண்டாம்.

நான் இந்த வேலையில் பல வருடங்களாக மாணவர்களின் புத்தகங்களைப் பார்த்து வருகிறேன். எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான்: மூன்று வேறு வேறு பதிவுகளை ஒரே நோட்டுக்குள் திணிக்கிறார்கள். மருத்துவமனையின் கேஸ் ஷீட் ஒன்று. அது நிறுவனத்துடையது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி சிகிச்சை பெறுபவர் தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம். ஆகவே அவர் நாளை படித்தால் தலைகுனிய நேராத மொழியில் அதை எழுத வேண்டும். 'பொய் சொல்கிறாள்', 'நாடகம் ஆடுகிறார்' என்றெல்லாம் எழுதும் கைகளைப் பார்த்திருக்கிறேன். பேனாவைப் பிடுங்கத் தோன்றும்.

இரண்டாவது உங்கள் லாக் புத்தகம். அது நோயாளியின் கதை அல்ல, உங்கள் வேலையின் கணக்கு. யாருடன், எவ்வளவு நேரம், என்ன வேலை, யாருடைய மேற்பார்வையில், அந்த மேற்பார்வையால் என்ன மாறியது. அவ்வளவுதான். மூன்றாவது, உங்கள் தனிக் குறிப்பு. அவர் அழுதபோது உங்களுக்கு என்ன தோன்றியது, எந்தக் கேள்வி எடுபடவில்லை, மேற்பார்வையாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்பவை. அதில் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். மேற்பார்வையில் பேசி முடித்ததும் கிழித்துவிடுங்கள்.

பெயரை மட்டும் அடித்துவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பது சென்னைக்குப் பொருந்தலாம். நம் மாவட்டத்துக்குப் பொருந்தாது. '17 வயது, பென்னாகரம் பக்கம், பட்டுப்பூச்சி வளர்க்கும் குடும்பம், அண்ணன் பெங்களூரில் கட்டட வேலையில் இறந்தார்' என்று எழுதிப் பாருங்கள். பட்டுக்கூடு மார்க்கெட்டில் நிற்கும் நாலு பேரில் ஒருவர் வீட்டுக்கே வழி சொல்லிவிடுவார். பெயரின் முதலெழுத்தையும் ஊரின் முதலெழுத்தையும் சேர்த்துக் குறியீடு வைப்பதும் அதே லட்சணம்தான். ஓ.பி. எண்ணையும் எழுதாதீர்கள், கம்ப்யூட்டரில் தட்டினால் ஆள் வந்துவிடும். ஒன்றிலிருந்து வரிசை எண் போடுங்கள். எந்த எண் யார் என்ற பட்டியல் ஒரே ஒரு தாளில், மேற்பார்வையாளரின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்று மாதிரிக்குத் தருகிறேன்:

'எண் 23. இருபதுகளில் பெண். 10.40 முதல் 11.25 வரை. இரண்டாவது அமர்வு, தனியாக. நானே நடத்தினேன், மேற்பார்வையாளர் அறையில் இல்லை, பக்கத்து அறையில் இருந்தார். தூக்கப் பழக்கம், அன்றாட வேலைத் திட்டம். தற்கொலை எண்ணம் கேட்கப்பட்டது, இல்லை என்றார். மதியம் 15 நிமிடம் மேற்பார்வை. கணவரைச் சேர்த்துப் பார்ப்பதற்கு முன் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சம்மதம் கேட்கச் சொன்னார். அடுத்த அமர்வில் கேட்பேன்.'

இதில் அவருடைய வாழ்க்கை இல்லை. ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள், யார் வழிகாட்டினார், அதனால் என்ன மாறியது என்று தேர்வாளருக்கு முழுதாகத் தெரியும். கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் நான் முதலில் படிப்பது. பல புத்தகங்களில் அவை இருப்பதே இல்லை.

'பார்த்தேன்', 'சேர்ந்து நடத்தினேன்', 'நானே நடத்தினேன்' ஆகிய மூன்றையும் கலக்காதீர்கள். ஓ.பி.யில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதை நேரடி அமர்வு என்று எழுதினால் கேட்கும் முதல் கேள்வியிலேயே குட்டு உடையும். வராமல் போனவருக்காகக் காத்திருந்த நேரம் அமர்வு ஆகாது. ஆனால் அவர் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். விதைப்பு நேரத்தில் யார் வரவில்லை, மாதச் சந்தை நாளில் யார் வரவில்லை என்பதெல்லாம் பிறகு உதவும்.

முகாம் விஷயத்தில் உங்கள் கணக்கே பதில் சொல்லிவிட்டது. ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. செகுவின் பலகை என்பது கட்டைகளை அந்தந்த வடிவக் குழியில் பொருத்தவைக்கும் அறிவுத்திறன் சோதனை: பத்துக் கட்டைகள், ஒரு குழந்தைக்கு மூன்று முறை, மிகக் குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பது. சொல்லிக் கொடுப்பது, சமாதானப்படுத்துவது எல்லாம் சேர்த்தாலும் சிறிது நேரம்தான். பிறகு அம்மாவிடம், குழந்தையின் அன்றாடத் திறனை அளக்கும் வைன்லேண்ட் கேள்விகள்: தானாகச் சாப்பிடுவானா, சட்டைப் பொத்தான் போடுவானா, கடைக்குப் போய் வருவானா. இரண்டுக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதுங்கள். பெற்றோரிடம் கேட்டது தனிப் பத்தி. வீட்டில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டது 'அறிக்கை தயாரித்தல்', நேரடி அமர்வில் சேராது. பந்தலில் அரைமணி நேரம் வரிசையில் குழந்தைகளை உட்காரவைத்தது சமூக சேவை, பாராட்டுகள், புத்தகத்தில் இடமில்லை.

முகாமில் நேரத்தை விட முக்கியமாக எழுத வேண்டியது வேறு இருக்கிறது. குழந்தை நட்சத்திரக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறும்போது, பின்னால் நிற்கும் பாட்டி விரலை நீட்டிக் குழியைக் காட்டிவிடுவார். எத்தனை முறை 'பாட்டி, கொஞ்சம் வெளியே நில்லுங்கள்' என்றாலும் நடக்கும். அப்படி நடந்தால் அந்த முறை செல்லாது, எழுதிவையுங்கள். இந்தச் சோதனைகளின் மதிப்பெண்ணை வைத்துத்தான் ஒரு குடும்பத்தின் சான்றிதழில் சதவீதம் தீர்மானமாகிறது.

கையெழுத்து. 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அந்த கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மருத்துவ உளவியலராகத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் ஒரு நோயாளியின் எதிரே உட்கார முடிவதே பதிவுபெற்ற ஒருவர் உங்கள் பின்னால் நிற்பதால்தான். அவர் நின்றார் என்பதற்கு அந்தக் கையெழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. மாதக் கடைசி மொத்தக் கையெழுத்து எங்கும் நடக்கிறது, தெரியும். அதை மாற்ற அவரோடு சண்டை போட வேண்டாம். வாரத்தில் ஒருநாள் ஓ.பி. முடிந்து டீ வரும் நேரத்தில் புத்தகத்தை நீட்டுங்கள். சந்தேகமுள்ள இரண்டு வரிகளை மட்டும் கேளுங்கள், 'ஐயா, 23ஆம் எண்ணுக்கு நீங்கள் சொன்னதை இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?' என்று. படிக்காமல் கையெழுத்துப் போடும் மனிதர்கூடத் தாம் சொன்னதை ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் படிப்பார்.

ஒலிப்பதிவு பற்றிப் பிறகு எழுதுகிறேன். குக்கர் கூப்பிடுகிறது.

ராயக்கோட்டை_சாலை

அக்கா சொன்னதோடு ஓசூர்ப் பக்க நிலவரம் ஒன்றைச் சேர்க்கிறேன். நான் பெங்களூரில் எம்.ஃபில். மருத்துவ உளவியல். விடுமுறையில் ஓசூரில் ஒரு கிளினிக்கில் உதவிக்குப் போவேன்.

எந்த மொழியில் அமர்வு நடந்தது என்று எழுதுங்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்திலிருந்து வருபவர்களில் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுபவர்கள். தமிழில் 'பரவாயில்லைங்க' என்பார்கள், வீட்டு மொழிக்கு மாறினால் அழுவார்கள். கூட வந்தவர் மொழிபெயர்த்தால் அவர் யார் என்பதையும் குறியுங்கள். மருமகளுக்காக மாமியார் மொழிபெயர்த்த அமர்வு ஒன்றைப் பார்த்தேன். மருமகள் மூன்று நிமிடம் பேசினார். மாமியார், 'ஒன்றுமில்லை, தலைவலிதான்' என்றார். அந்தப் பதிவில் 'தலைவலி' என்று மட்டும் இருந்தால் யாருடைய தலைவலி என்று யாருக்குத் தெரியும்? எங்கள் மேற்பார்வையாளர் 'தகவல்: மாமியார் வழியாக, தனியாகப் பேச வேண்டும்' என்று எழுதச் சொன்னார்.

இன்னொன்று, போன். லாக் பக்கத்தைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 'இப்படி எழுதினால் சரியா' என்று போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. படம் பலரின் போனில் தானாக இறங்கும், கூகுள் கணக்கிலும் போய் உட்காரலாம். பிறகு நீங்கள் அழித்தாலும் மற்றவர்களிடம் நகல் தங்கிவிடலாம்.

மணிக்கணக்கைத் துல்லியமாக வைப்பதற்கு என்னிடம் ஒரு சுயநலக் காரணமும் உண்டு. எங்கள் படிப்பின் விதியே எங்கள் காலத்தில் மாறிக்கொண்டிருக்கிறது. எம்.ஃபில். இனி அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்ல என்று 2023 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்தது. பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு அனுமதி தந்தது. நாளை வேலைக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரை விட, எத்தனை மணி நேரம் நேரடியாக, எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் என்ற கேள்விதான் முன்னால் நிற்கும். முப்பது மணி நேர நாள் ஒன்று அதில் இருந்தால் மற்ற பக்கங்களையும் நம்பமாட்டார்கள்.

காவேரிப்பட்டணம்_வாசகர்

நான் உளவியலர் அல்லன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. சீசன் முடிந்த ஒரு வருடம் தூக்கமே இல்லாமல் போய், சிகிச்சைக்குப் போனேன்.

ஒலிப்பதிவு எப்படிக் கேட்பது என்று அந்தப் பெண் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். என்னிடமும் ஒரு மாணவர் கேட்டார். முன்னால் மேஜை, மேஜைக்குப் பின்னால் பெரிய டாக்டர், கையில் போனோடு அந்தப் பையன். 'படிப்புக்காகத்தான், பதிவு செய்துகொள்ளலாமா ஐயா?' என்றார். இலவச சிகிச்சை, இரண்டு மணி நேரக் காத்திருப்பு, அடுத்த வாரமும் அதே வாசலுக்கு வந்தாக வேண்டும். அந்த இடத்தில் யார் 'வேண்டாம்' என்பார்கள்? 'சரி' என்றேன். பிறகு அன்றைக்குப் பேசியது எதுவும் நான் பேச வந்தது அல்ல. ஆலைச் சம்பளம், மழை, பையனின் பள்ளிக்கூடம் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அடுத்த வாரம் போன் இல்லாதபோதுதான் விஷயத்துக்கு வந்தேன்.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பதிவு இப்போது எங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தகடூர்க்காரி

காவேரிப்பட்டணத்தாருக்கு நன்றி. நான் எழுத நினைத்ததைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

ஒலிப்பதிவு கற்றுக்கொள்வதற்கு மிக நல்ல கருவி. மாணவர் தம் அமர்வைக் கேட்டால்தான் நோயாளி வாய் திறக்கும்முன் தாம் எத்தனை முறை குறுக்கே பேசியிருக்கிறோம் என்பது காதில் விழும். குறிப்பெழுதும்போது நாம் எல்லோரும் நல்ல உளவியலர்களாகிவிடுகிறோம். ஆகவே பதிவே கூடாது என்று சொல்லமாட்டேன். கேட்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

அன்றைக்கே கேட்டு அன்றைக்கே பதிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்பு, மேற்பார்வையாளர் இல்லாதபோது, தாளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். தாளில் தமிழில் இவை இருக்கட்டும்: எதற்காக, யார் யார் கேட்பார்கள், எங்கே வைக்கப்படும், எந்தத் தேதியில் அழிக்கப்படும், நடுவில் நிறுத்தச் சொல்லலாம், மறுத்தாலும் சிகிச்சையில் ஒன்றும் குறையாது. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள், கைரேகையை மட்டும் வாங்கிவிட்டு நகராதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், அந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மருத்துவமனை நிர்வாகத்தின் அனுமதியையும் கல்லூரியே எழுத்தில் வாங்கித்தர வேண்டும், உங்களை வாசலில் நிறுத்தி வாங்கச் சொல்லக் கூடாது.

சொந்த போனில் வேண்டாம். சிம் இல்லாத சின்ன ஒலிப்பதிவுக் கருவியைத் துறை வாங்கி வைக்கட்டும். எழுத்தாக்கும்போது ஊர், கடை, ஆலை, சாதி, கோவில் திருவிழா எல்லாவற்றையும் மாற்றுங்கள். அழித்த தேதியை லாக் புத்தகத்தில் எழுதி, அதற்கும் கையெழுத்து வாங்குங்கள். அழித்துவிட்டோம் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், காவேரிப்பட்டணத்தாரிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது.

யாருமே சம்மதிக்கவில்லை என்றால்? மேற்பார்வையாளர் அறையிலேயே உட்கார்ந்து கவனித்த அமர்வுக்கு அவர் எழுதிய மதிப்பீட்டை ஏற்கச் சொல்லிக் கேளுங்கள். உடன் படிப்பவரை நோயாளியாக நடிக்கவைத்துப் பதிவு செய்வதும் உண்டு. ஆனால் அதை 'நடிப்புப் பயிற்சி' என்றே எழுதுங்கள்.

பாலக்கோடு_மாணவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. நோட்டை இன்று மருத்துவமனையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் கை சும்மா இருப்பது வினோதமாக இருந்தது.

இரண்டு கேள்வி மிச்சம். பதினேழு வயதுப் பெண் ஒருவர் வயிற்றுவலி என்று மற்றப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்டு வருகிறார், திருமணம் ஆகிவிட்டது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'இதை எழுதிவிடாதீர்கள் அக்கா' என்று கெஞ்சினால் லாக் புத்தகத்தில் என்ன எழுதுவது? அடுத்து, கல்லூரிக் கட்டத்தில் பெயர், ஊர் என்று அச்சடித்தே இருக்கிறது. காலியாக விட்டால் மதிப்பெண் போகும் என்கிறார்கள்.

தகடூர்க்காரி

நம் பக்கத்தில் 'வைத்துக்கொள்வோம்' என்று சொல்லத் தேவையில்லாத கேள்வி இது.

போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, சிறார் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவரும் எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின்படி குற்றம். மனைவியாக இருந்தாலும் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் உறவுகொள்ளும் கணவருக்கு விலக்கு இல்லை என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாணவி என்பதால் உங்களுக்குத் தனிச் சலுகை கிடையாது. ஆனால் தனியாக முடிவெடுக்கும் இடத்திலும் நீங்கள் இல்லை. அந்த நிமிடமே எழுந்துபோய் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், ஓ.பி. முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனை வழியாகத் தகவல் போகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். லாக் புத்தகத்தில், 'எண் 31. சட்டப்படி தெரிவிக்க வேண்டிய தகவல் வந்தது. 11.10க்கு மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் மேற்கொண்ட நடவடிக்கை கேஸ் ஷீட்டில் உள்ளது' என்பதோடு நிறுத்துங்கள். விவரம் கேஸ் ஷீட்டில்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பெண் கெஞ்சும் நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. முதல் அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தில், 'நீங்கள் சொல்வதை வெளியில் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்குக் கொடுமை நடக்கிறது என்றால், நான் என் மேற்பார்வையாளரிடம் சொல்லியாக வேண்டும்' என்று சொல்லிவிடுங்கள். சொன்னீர்கள் என்பதையும் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள். இதைச் சொன்னால் பேசமாட்டார்கள் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலோர் பேசத்தான் செய்கிறார்கள். பேசாமல் போகிறவர் எதற்காகப் பேசவில்லை என்று தெரிந்தே போகிறார்.

கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பெயர் கட்டத்தில் வரிசை எண், ஊர் கட்டத்தில் 'மாவட்டத்துக்குள்' அல்லது 'வெளி மாவட்டம்'. பிறகு துறைத் தலைவருக்கு, வகுப்பில் அத்தனை பேரும் கையெழுத்திட்டு, அரைப் பக்கக் கடிதம். புகாராக வேண்டாம், வேண்டுகோளாக இருக்கட்டும்: 'மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை பெறுபவரின் தகவல்களை ரகசியமாகக் காக்கச் சொல்வதால், லாக் புத்தகத்தில் பெயர், ஊர் கட்டங்களுக்குப் பதிலாகக் குறியீட்டு எண்ணை எழுத அனுமதி வேண்டுகிறோம். எண்களுக்கான பட்டியல் மருத்துவமனையில் மேற்பார்வையாளரிடம் இருக்கும். தேர்வாளர் விரும்பினால் அங்கே வந்து சரிபார்க்கலாம்.' நகலில் வரவு முத்திரை வாங்கி உங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஏற்கனவே பெயர் எழுதிய பக்கங்களைக் கிழிக்க வேண்டாம். பக்க எண் போட்ட புத்தகத்தில் ஒரு தாள் குறைந்தால் அது வேறு சந்தேகம். பெயர் மேல் கறுப்பு மையால் அடித்து, ஓரத்தில் எண்ணை எழுதி, இந்த வாரம் டீ வரும்போது மேற்பார்வையாளரிடம் ஒவ்வொன்றுக்கும் சுருக்கொப்பம் வாங்குங்கள்.